வெற்று வட்டத்துக்கு மூன்று மார்க்

நேற்றுச் சாயங்காலம் சமூக மண்டபத்தில் இருந்தவர்கள்: செயலாளர் ஹரிஹரன், பாதித் தூக்கத்தில் பொருளாளர் மணி மாமா, ஊன்றுகோலோடு எதிர்ச் சாரிக் கோமதி மாமி, உன் ஆத்துக்காரர், நான். ட்யூஷன் சென்டர் ஒன்றிலிருந்து இரவல் வாங்கி வந்த, தாள் படிக்கும் இயந்திரம் மேஜைமேல் இருந்தது. ஹரிஹரன் அதையும் ஓர் ஆளாகத்தான் மதிக்கிறார், எங்களைவிட ஒரு படி மேலாகவே. வேறு யாரும் வரவில்லை. நீ இல்லை.

இயந்திரம் சூடானதும் ஒரு வாசனை எழுந்தது. புதுக் காகிதமும் இஸ்திரிப் பெட்டியும் கலந்த மாதிரி. பாலத்தடி போட்டோஸ்டாட் கடையில் நாம் இரண்டு பேரும் மாதிரி வாக்குத் தாளைப் பிரதி எடுக்க நின்றோமே, அன்றைக்கு வந்த அதே வாசனை. கடைக்காரன் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்தா அம்மா, எலக்‌ஷனா?" என்றான். "ஆமாம், நான்தான் நிக்கறேன். சாம்பார் வாளி சின்னம்" என்று நீ முகம் மாறாமல் சொன்னாய். அவன் உனக்கு ஓட்டுப் போடுவதாகச் சொல்லி, ஒரு பிரதிக்குக் காசு வாங்கவில்லை.

அந்தத் தேர்தல்தான் நடந்து முடிந்தது. நீ கர்க்கடக மாதத்தில் போய்விட்டாய். முக்கால் கதை உனக்குத் தெரியும், முடிவு தெரியாது. அதனால் விளக்கேற்றி, பாராயணம் முடித்து, மனம் கொஞ்சம் ஆறியபின் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆறவில்லை என்பது படிக்கும்போதே தெரிந்துவிடும்.

மண்டபத்துக்குப் பின்னால் ஊட்டுப்புரையில் தினமும் மத்தியானம் பந்தி நடக்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டிலும் வெளியூரிலும் இருக்க, ஆத்தில் தனியாக இருக்கும் கிழங்களுக்குச் சாதம், ஒரு குழம்பு, ஒரு கறி, மோர். அதைத் தொடர்வதா, அந்த இடத்தைக் கழக்கூட்டம் ஐ.டி. கம்பெனிகளுக்கு பஸ் ஏறும் பிள்ளைகளுக்கு ஹாஸ்டலாக விடுவதா, இடித்துவிட்டுக் கார் நிறுத்தும் இடமாக்குவதா என்று மூன்று யோசனைகள். ஹாஸ்டல் யோசனை ஹரிஹரனுடையது. கழக்கூட்டத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர் அல்லவா. ஆபீஸ் அவரை அனுப்பிவிட்டது. அவர்தான் ஆபீஸை அனுப்ப மனமில்லாமல் நம் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பஜனைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டாலும் கட்டம் போட்ட படம் காட்டுகிறார்.

முதலில் கை தூக்கச் சொன்னார்கள். நினைவிருக்கிறதா? தூக்கிய கைகள் எல்லாம் ஹரிஹரன் பார்வை திரும்பியதும் பாதியில் நின்று, தலையைச் சொறிந்துகொண்டு இறங்கின. நீ எழுந்தாய். "கை தூக்கச் சொன்னா அடுத்தவா மொகத்தைப் பாத்துண்டுதான் தூக்குவா. மார்க் போடச் சொல்லுங்கோ. மூணுக்கும் தனித்தனியா, பூஜ்யத்திலேர்ந்து அஞ்சு வரைக்கும். எது கூடுதல் வாங்கறதோ அது" என்றாய். அடுத்த கூட்டத்தில் அதே யோசனைக்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்து, உலகத்தில் எங்கெங்கே அது இருக்கிறது என்று ஹரிஹரன் அரை மணி நேரம் பேசினார். உன் பெயர் அதில் வரவில்லை. நீ என் காதருகில், "பேர் வெச்சவன் அவன், பெத்தவ நான்" என்றாய். கோமதி மாமி திரும்பிப் பார்க்கும் அளவுக்கு நான் சிரித்துவிட்டேன்.

உனக்கு மார்க்கின் சூட்சுமம் புத்தகத்திலிருந்து வரவில்லை; நவராத்திரிக் கொலுவிலிருந்து வந்தது. தெருவில் உள்ள கொலுக்களுக்கெல்லாம் பெண்கள் மார்க் போடட்டும் என்று நீ ஆரம்பித்துவைத்த வருஷம். ஹரிஹரன் ஆத்துக் கொலுவை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் கூசுகிறது. படியில் பொம்மையைவிட பல்பு அதிகம். மேல் படியில் அம்பாளுக்குப் பக்கத்தில் ரிமோட்டில் ஓடும் கார் ஒன்று. யாருக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அம்பாள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு எந்தப் பெண் பூஜ்யம் போடுவாள்? எல்லோரும் அந்த இடத்தை வெறுமனே விட்டுவிட்டார்கள். அவர் மனைவி மட்டும் பத்துக்குப் பத்து போட்டாள். மார்க் போட்டவர்களின் சராசரி எடுத்தபோது அவர்கள் ஆத்துக் கொலுதான் முதல். குங்குமச் சிமிழைப் பரிசாக நீயே உன் கையால் கொடுத்தாய். வாங்கிக்கொண்ட ஹரிஹரன், "கன்சிஸ்டென்ஸி முக்கியம் மாமி" என்றார். ஒரே ஒருத்தி போட்ட மார்க்கில் என்ன கன்சிஸ்டென்ஸியோ.

அன்றைக்கு ராத்திரியே நீ பாடம் எடுத்துக்கொண்டாய். அடுத்த வருஷத் தாளில் கடைசிக் கட்டத்தில் பூஜ்யம் இல்லை. "இன்னும் கொஞ்சம் மெனக்கெடலாம்" என்று எழுதியிருந்தாய். எல்லாப் பெண்களும் சங்கடப்படாமல் அந்தக் கட்டத்தில் குறித்தார்கள். ஹரிஹரன் ஆத்துக்குத்தான் அதிகம் விழுந்தது. அதன்பின் அவர்கள் ஆத்தில் பல்பு குறைந்தது.

அதனால்தான் இந்த ஓட்டுக்குத் தாள் தயாரிக்க உன் சமையலறையில் நாம் உட்கார்ந்தபோது, நான் முதல் கட்டத்தில் பூஜ்யம் போடப் போனதும் நீ பேனாவைப் பிடுங்கினாய். "பூஜ்யம்னு எழுதாதே. வேண்டாம்னு எழுது. வேண்டாம்னு சொல்ல நம்மவாளுக்குத் தெரியும், பந்தியிலே தினம் எலைக்கு மேலே கையைக் குறுக்கே வெச்சுச் சொல்றாளே." அப்படியே எழுதினேன். ஒரு கோடியில் 'வேண்டாம்', மறு கோடியில் 'கட்டாயம் வேணும்', நடுவில் நாலு கட்டம். நான் பத்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். சதவீதமும் சராசரியும் ஊட்டுப்புரை அரிசிக் கணக்குப் பார்த்து நானாகக் கற்றுக்கொண்டவை. இருந்தும் நீ சொன்ன அடுத்த வார்த்தை எனக்குத் தோன்றியிருக்காது. "காலியா விட்டா என்ன அர்த்தம்னும் தாளிலேயே போடு. இல்லேன்னா எண்றவன் அவன் இஷ்டத்துக்கு அர்த்தம் சொல்லுவான்." தாளின் அடியில் ஒரு வரி சேர்த்தோம்: ஒன்றும் குறிக்காத இடம் 'வேண்டாம்' என்று எடுத்துக்கொள்ளப்படும்.

நீ போனபின் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போனேன். ஹரிஹரன் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"மாமி, இது நன்னாருக்கு. ஆனா எல்லாம் யூனிஃபார்மா இருக்கணும் கேட்டேளா. வெளிநாட்டுக்காரா போன்லே போடப்போறா. இங்கே இருக்கறவா வட்டத்தைக் கறுக்கற தாள்லே. மெஷினுக்கு 'வேண்டாம்'னு படிக்கத் தெரியாது."

"பூஜ்யம்னு மட்டும் படிக்கத் தெரியுமோ? அது கறுப்பைத்தானே பாக்கறது?" என்றேன்.

பால்காரரிடம் சிரிக்கிற சிரிப்பு ஒன்று அவரிடம் உண்டு. அதைச் சிரித்தார். 'வேண்டாம்' என்பதைப் பூஜ்யமாக்கினார்; அடியில் இருந்த வரிக்கு இடம் இல்லை என்று எடுத்துவிட்டார். அச்சாகி வந்த தாளில் அந்த இடத்தில் சமூகத்தின் முத்திரையும், செயலாளர் என்று அவர் பெயரும் இருந்தன. அதற்கு இடம் இருந்தது.

அதற்கு முன்னால் ஒரு கூத்து நடந்தது. மணி மாமா ஏதோ பள்ளிக்கூடத் தேர்தலுக்கு வைத்திருந்த பொத்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் பதினாறு பொத்தான். மூன்று யோசனை, ஒவ்வொன்றுக்கும் ஆறு மார்க் என்றால் பதினெட்டு வேண்டும். ஹரிஹரன் யோசித்தார். "நாலை எடுத்துடலாம். நாலு யாரு போடப்போறா?" என்றார். நாலு மார்க் என்ன பாவம் செய்ததோ. பரீட்சை பார்க்க மணி மாமா ஒரு பொத்தானை அமுக்கினார். அது கூவிவிட்டுப் பூட்டிக்கொண்டது. ஆளுக்கு ஒரு அமுக்குத்தான். அடுத்த யோசனைக்கு அது கதவே திறக்காது. பலரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கப் பிறந்த பெட்டியிடம் மார்க் போடச் சொன்னால் அது என்ன செய்யும்? "ரிப்பேராக்கும்" என்று மணி மாமா அதைத் தட்டிக்கொடுத்து எடுத்துப் போனார்.

ஆக, தாளும் போனும் என்று முடிவானது. போனில் மூன்று யோசனைக்கும் மூன்று கோடு. ஒவ்வொரு கோட்டிலும் ஒரு புள்ளி. விரலால் இழுத்து மார்க்கில் நிறுத்த வேண்டும். தாளில் வட்டம்.

ஓட்டு நாள் வெள்ளிக்கிழமை. அதை வைத்ததும் ஹரிஹரன்தான். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துக் குங்குமம் இட்டுக்கொண்டு வந்த பெண்களிடம் பூஜ்யத்தைக் கறுக்கச் சொன்னால் கறுப்பார்களா? கோமதி மாமி பேனாவை வாங்கினாள். வாங்கியதும் தாளின் இடது மூலையில், மளிகைச் சீட்டுக்குப் போடுவதுபோல, பிள்ளையார் சுழி போட்டாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் பலர் போட்டார்கள். சுழி போடாமல் ஒரு வரி எழுதிப் பழக்கமில்லாத கைகள். பந்தி ஊண் தொடர அஞ்சைக் கறுத்தார்கள். ஹாஸ்டலுக்கும் காருக்கும் ஒன்றும் செய்யாமல் மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் சுழியை மனசுக்குள் போட்டுக்கொண்டேன். ஹாஸ்டலுக்கும் காருக்கும் பூஜ்யத்தை நன்றாக அழுத்திக் கறுத்தேன். பகவான் இரண்டையும் பார்த்திருப்பார்.

நேற்று எண்ணினார்கள். அந்தத் தாளின் மூலையில் கறுப்புச் சதுரம் ஒன்று இருக்கிறது. அதை வைத்துத்தான் இயந்திரம் தாளின் தலை எது, கால் எது என்று தெரிந்துகொள்கிறதாம். சுழி போட்டவர்கள் எல்லாம் சரியாக அந்தச் சதுரத்தின்மேல்தான் போட்டிருந்தார்கள். மூலை என்றால் அதுதானே மூலை. இயந்திரம் அந்தத் தாள்களை ஒன்றொன்றாக வெளியே தள்ளியது.

"ஏண்டா ஹரி, பிள்ளையாரைத் துப்பறதாடா உன் மெஷின்?" என்றாள் கோமதி மாமி.

"சாரமில்லை மாமி, பரவாயில்லை. நான் கையாலே போன்லே ஏத்திடறேன்."

ஏற்றினார். போன்காரர்கள் ஓட்டுப் போட்ட அதே படிவத்தில், தாளைப் பார்த்துப் பார்த்துப் புள்ளியை இழுத்தார். முடிந்ததும் எழுந்து நின்று, தொண்டையைக் கனைத்து, ஹாஸ்டல் கொஞ்சம் முன்னால் வந்திருப்பதாகவும், ஊண் இரண்டாவது என்றும் அறிவித்தார். வெளிநாட்டுப் பிள்ளைகள் ஹாஸ்டலுக்கு அஞ்சும், அவரவர் அப்பா அம்மா உட்காரும் பந்திக்கு ஒரே ஒரு மார்க்கும் போட்டிருந்தார்கள் என்பதை அவர் கையில் வைத்திருந்த படத்தில் பார்த்தேன். அது அவரவர் மனசு. அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் சுழித் தாள்களின் பக்கத்தில் ஹாஸ்டலுக்கு வரிசையாக மூன்று மூன்று என்று இருந்தது.

கோமதி மாமி எட்டிப் பார்த்தாள். "நான் ஹாஸ்டலுக்கு ஒண்ணுமே போடலையே. மூணு எங்கேர்ந்து வந்தது?"

"ஒண்ணும் போடாட்டா நியூட்ரல் மாமி. புள்ளி மூணுலேதான் நிக்கும். டிபால்ட்."

"அதை யாரு அங்கே நிக்க வெச்சா?"

"போன்லே அப்படித்தான்."

நான் கேட்டேன்: "மெஷின் படிச்ச தாள்லே காலியா விட்டிருந்தா?"

"அது ஜீரோ."

"அது ஏன்?"

"மெஷின்லே அப்படித்தான்."

மணி மாமா கண் விழித்து, "ரெண்டும் சரியாக்கும்" என்றார். மறுபடி மூடிக்கொண்டார்.

இதைத்தான் நீ அன்றைக்குச் சொன்னாய். ஒரே தெரு, ஒரே எண்ணம், ஒரே வெற்று வட்டம். இயந்திரத்தின் வாயில் போனால் பூஜ்யம். சுழி போட்ட குற்றத்துக்குப் போனில் போனால் மூன்று. வேண்டாத யோசனைக்கு வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்ட பெண்கள் எல்லோருமாகச் சேர்ந்து, தங்கள் கையாலேயே அதைத் தூக்கிவிட்டார்கள். ஹரிஹரன் திருட்டுத்தனம் செய்தார் என்று நான் எழுதமாட்டேன். திருடுவதற்குக்கூட எதை எடுக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். இவருக்குத் தான் எடுத்தது தெரியவில்லை. காட்டிக்கொடுத்த பிறகும் தெரியவில்லை. போன் சொன்னால் அது சாஸ்திரம்.

கடைசியில் இறங்கி வந்தார். "கோமதி மாமி ஒருத்தர் சொன்னா எல்லாத்தையும் மாத்த முடியாது மாமி. இன்னொருத்தராவது ஞாயித்துக்கிழமைக் கூட்டத்துலே எழுந்து, என் காலி இடம் வேண்டாம்னு அர்த்தம்னு சொல்லட்டும். சுழித் தாள் அத்தனையையும் திரும்ப எண்ணறேன். மதியா, போதுமா?" என்றார். நான் சொல்லி என்ன பயன்? நான்தான் கறுத்துத் தொலைத்தேனே.

உன் ஆத்துக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது கோயில் முக்கில் நின்றார். பிறகு, "நானும் சுழி போட்டேன். ஹாஸ்டலுக்கு ஒண்ணும் போடலை" என்றார்.

"அப்போ ஞாயித்துக்கிழமை சொல்லுங்கோ, அண்ணா."

"பாக்கலாம்" என்றார். அவர் 'பாக்கலாம்' என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நீ இருந்தவரை அவர் அந்தப் பந்தியில் உட்கார்ந்ததில்லை. இப்போது முதல் ஆளாக உட்காருகிறார். உனக்குத் தெரியாத விஷயம் இது: ஆரம்பத்தில் நான் டிபன் பாக்ஸில் கொடுத்தனுப்பினேன். வாங்கி வைத்துக்கொண்டு, கழுவித் திருப்பி அனுப்பினார். உள்ளே இருந்தது எங்கே போனது என்று காக்கைக்குத்தான் தெரியும். பந்தியில் உட்கார்ந்தபின்தான் முகத்தில் சதை வைத்தது. பக்கத்து இலைக்காரரோடு மோரில் உப்புப் போதவில்லை என்று தினமும் சண்டை போடுகிறார். ஒரு நாளில் அவர் பேசும் பேச்சு மொத்தமும் அந்த அரை மணிதான். பையன் பெங்களூருக்குக் கூப்பிடுகிறான். "அவ வெச்ச துளசி இருக்கு" என்கிறார். ஊட்டுப்புரை மூடினால் அவர் போய்த்தான் ஆக வேண்டும். அங்கே பதினோராவது மாடியில் யாரோடு மோருக்குச் சண்டை போடுவார்?

இன்று காலை சுழிக்காரர்கள் வீடுகளுக்கெல்லாம் போனேன். ஒருத்தி, "நமக்கெதுக்கு வம்பு" என்றாள். இன்னொருத்தி, "கண்ணு ஆபரேஷனுக்கு ஹரிதானே கூட்டிண்டு போனான், அவன் மொகத்திலே எப்படி முழிப்பேன்" என்றாள். மூன்றாமவளுக்குப் பேரன் பரீட்சைக்கு அவர் காரில்தான் போனானாம். தெருவில் உள்ள வாய்களையெல்லாம் அந்தக் கார் ஏற்கெனவே ஏற்றிக்கொண்டு போய்விட்டது. எனக்கு அவர்கள்மேலும் ஆத்திரம்தான். வேண்டாம் என்பதைத் தாளில் எழுதப் பயம், வாயால் சொல்லப் பயம், பிறகு மத்தியானம் எங்கே சாப்பிடுவது என்று என்னிடம் வந்து அழ மட்டும் பயமில்லை.

கடைசியாக உன் ஆத்துக்கு வந்தேன். அவர் துளசிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்குமுன்னே சொன்னார்:

"அன்னைக்கு ஆம்புலன்ஸ் வரலை. வண்டி எடுத்தது அவன்தானே. சட்டைகூடப் போட்டுக்கலை, பனியனோட வந்தான். கிழக்கேகோட்டை சிக்னல்லே நிக்காம ஓட்டினான். நான் அவன் எதிரே எழுந்து நின்னு, நீ எண்ணினது தப்புடான்னு எப்படிச் சொல்லுவேன்?"

அது உண்மை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த மனிதர் பனியனோடு, செருப்பில்லாமல், விடியும்வரை உட்கார்ந்திருந்ததை நானும் பார்த்தேன். டிபால்ட், நியூட்ரல் ஒன்றும் அன்றைக்கு அவர் வாயில் வரவில்லை. அதை அவர் வரவில் எழுதாமல் விட்டால் என் கணக்கு பொய்க் கணக்கு. எழுதிவிட்டேன். எழுதினாலும் அவர்மேல் எனக்கு மதிப்பு வரவில்லை. கார் ஓட்டத் தெரிந்தவருக்குத் தாள் போடத் தெரியவில்லை என்பது அப்படியேதான் இருக்கிறது.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வாய். நீ இருக்கும்போது நான் காதோரம் சிரிக்கிறவளாக மட்டும் இருந்தேன். நீ போனபின் பேசுகிறவளாகிவிட்டேன். தெருவில் பலருக்குப் பிடிக்கவில்லை. அந்த வாயும் உன் ஆத்துக்காரர் முன்னால் அடைத்துப்போகிறது. ஏனென்றால் அந்தக் காரின் பின்சீட்டில் படுத்திருந்தவள் நீ. அவர் தன் நன்றி என்று சுமப்பது உன்னுடையது. அது எதுவரை, அதற்காக அவர் தன் இலையையும் எடுத்துக் கொடுக்க வேண்டுமா என்று சொல்ல நீ ஒருத்திதான் உரிமைக்காரி. நான் சொன்னால் அரிசிக் கணக்குக்காரி பேசுகிறாள் என்று நினைப்பார்.

ஆகவே என்னிடம் வர வேண்டாம். நேரே அவர் கனவுக்குப் போ. எழுந்து நில்லுங்கோ என்றால் அதைச் சொல். ஹரிக்குப் பட்ட நன்றிக்கடனுக்கு இது போகட்டும், பெங்களூருக்குக் கிளம்புங்கோ என்றாலும் அதைச் சொல்லிவிடு. நான் துளசிக்குத் தண்ணீர் விட்டுக்கொள்கிறேன், வேறு பேசமாட்டேன். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலையில். இன்று வியாழன். சீக்கிரம் பதில் சொல்.